உய்குர் மக்களைப் பற்றிய பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவருக்கு வழக்கமான பாடங்களுக்கு அப்பால் ஐந்து பாடவேளைகள் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு உய்குர் மக்களைப் பற்றியும் அவர்கள் வாழும் இஸ்லாத்தைப் பற்றியும் சொல்லித்தர அவர் விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதை முதலில் சொல்வது என்பதே அவர் எடுக்க வேண்டிய பெரிய முடிவு. ஏனெனில் முதல் நாளில் பிள்ளைகள் மனத்தில் விழும் சித்திரம், பின்னால் நாம் எத்தனை திருத்தங்கள் சொன்னாலும் எளிதில் அழிவதில்லை. அவருக்கு முன் நான்கு வழிகள் இருக்கின்றன: இன்றைய செய்தியிலிருந்து தொடங்கலாம், இஸ்லாம் என்னும் சமயத்திலிருந்து தொடங்கலாம், இசை, உணவு, விழா ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம், அல்லது நிலத்திலும் வரலாற்றிலும் தொடங்கலாம். வெவ்வேறு ஆண்டுகளில் இந்த நான்கையும் வகுப்பில் நடத்திப் பார்த்தவள் என்பதால், ஒவ்வொன்றும் எங்கே உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதை இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

எந்த வழியானாலும் சில செய்திகளை முதலிலேயே உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். சீனாவின் வடமேற்கில், அந்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காக விரிந்து கிடக்கிறது ஷின்ஜியாங். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 2.58 கோடிப் பேர் வாழ்கிறார்கள். அவர்களில் சுமார் 1.16 கோடிப் பேர் உய்குர்கள். அவர்கள் பேசுவது சீன மொழியன்று. உஸ்பெக் மொழிக்கு நெருங்கிய உறவான ஒரு துருக்கிய மொழி. பெரும்பாலோர் இஸ்லாமியச் சட்ட வழிகளுள் ஒன்றான ஹனஃபி வழியைப் பின்பற்றும் சுன்னி முஸ்லிம்கள். கஜகஸ்தான், துருக்கி, ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளிலும் உய்குர் சமூகங்கள் உள்ளன.

பெரும்பாலான ஆசிரியர்கள் செய்தியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நானும் முதல் ஆண்டில் அப்படித்தான் தொடங்கினேன். 2017 முதல் ஷின்ஜியாங்கில் உய்குர்களும் பிற துருக்கிய முஸ்லிம்களும் நீதிமன்ற விசாரணையின்றி முகாம்களில் அடைக்கப்பட்டதையும், அந்த எண்ணிக்கை பத்து லட்சம் வரை இருக்கலாம் என்ற மதிப்பீடு 2018 ஆகஸ்டில் ஐ.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழுவில் எழுப்பப்பட்டதையும், சீன அரசு முதலில் மறுத்துப் பின்னர் அவற்றைத் 'தொழிற்கல்விப் பயிற்சி மையங்கள்' என்று விளக்கியதையும், செயற்கைக்கோள் படங்களுடன் சொன்னேன். வகுப்பு அமைதியாகக் கேட்டது. முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்ட கேள்வி: "அவங்க என்ன தப்பு செஞ்சாங்க, டீச்சர்?"

அந்தப் பெண் மேல் எந்தப் பிழையும் இல்லை. ஒரு மனிதரைப் பற்றி அவர் சிறைப்பட்டார் என்பதை மட்டும் சொன்னால், கேட்பவர் மனம் இயல்பாகவே குற்றத்தைத் தேடும். அவருடைய ஊரையோ தொழிலையோ வீட்டையோ நான் சொல்லியிருக்கவில்லை. ஆகவே தேடுவதற்கு அவளுக்கு வேறு எதுவும் இருக்கவில்லை. செய்தியிலிருந்து தொடங்கும் வழியின் அடிப்படைக் குறை இதுதான். இதில் இரக்கம் கிடைக்கும். ஆனால் யார் மேல் இரக்கம் என்பது தெரியாது. இரண்டு வாரம் கழித்து, உய்குர்கள் எந்தத் திசையில் வாழ்கிறார்கள் என்று கேட்டபோது வகுப்பில் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆனாலும் இந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டுப் பாடம் நடத்துவதை நான் ஏற்கமாட்டேன். அந்த மாணவியின் கேள்விக்கு உண்மையான விடையும் இருக்கிறது. 2020-இல் வெளியுலகுக்குக் கிடைத்த கரகாஷ் பட்டியல் என்னும் ஆவணம், கோத்தான் பகுதியிலுள்ள கரகாஷ் வட்டத்தைச் சேர்ந்த 311 பேர் ஏன் அடைக்கப்பட்டார்கள் என்பதை அவரவர் பெயருக்கு நேரே குறித்து வைத்திருந்தது. முகத்திரை அணிந்தது, தாடி வளர்த்தது, கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தது, அனுமதிக்கப்பட்டதைவிடக் கூடுதலாகக் குழந்தை பெற்றது என்பவை அங்கே காரணங்களாக எழுதப்பட்டிருந்தன. பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நீண்ட விளக்கத்தைவிட இந்த வரிகள் நன்றாகப் புரியும்.

செய்தியைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2009 ஜூலையில் ஷின்ஜியாங்கின் தலைநகரான உரும்கியில் நடந்த கலவரத்தில் அரசுக் கணக்குப்படி 197 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சீனாவின் பெரும்பான்மை இனமான ஹான் சீனர். 2014 மார்ச்சில் தென்மேற்குச் சீன நகரான குன்மிங்கின் ரயில் நிலையத்தில் நடந்த கத்திக்குத்துத் தாக்குதலில் 31 பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். பயங்கரவாதத்தை ஒழிக்கவே இந்த நடவடிக்கைகள் என்பது சீன அரசின் வாதம். இதைச் சொல்லாமல் விட்டால், மாணவர் வீட்டுக்குப் போய்க் கைப்பேசியில் பார்த்துக்கொண்டு, ஆசிரியர் பாதியை மறைத்துவிட்டார் என்று நினைப்பார். அதன் பின் மீதிப் பாதியையும் நம்பமாட்டார். சொல்லிவிட்டால், சிலர் செய்த கொலைக்குக் கடவுச்சீட்டு கேட்டவரை அடைப்பது எப்படித் தண்டனையாகும் என்ற கேள்வியை மாணவர்களே எழுப்புகிறார்கள்.

இரண்டாவது வழி, சமயத்திலிருந்து தொடங்குவது. தமிழ் மாணவருக்கு இது நெருக்கமான வழிதான். தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ் என்ற சொற்களை நம் ஊர்ப் பிள்ளைகள் அறிவார்கள். பள்ளிவாசலின் பாங்கோசை கேட்டு வளர்ந்தவர்கள். உய்குர்கள் நோன்புப் பெருநாளை 'ரோஸா ஹெய்ட்' என்றும் ஹஜ்ஜுப் பெருநாளை 'குர்பான் ஹெய்ட்' என்றும் சொல்கிறார்கள் என்றதும் முகங்கள் மலர்கின்றன. தமிழ் முஸ்லிம்களிலும் கரையோர மரைக்காயர் பெரும்பாலும் ஷாஃபி வழியினர், உள்நாட்டு ராவுத்தர் ஹனஃபி வழியினர் என்பதால், ஒரே சமயத்துக்குள் வெவ்வேறு சட்ட வழிகள் உண்டு என்பதையும் உள்ளூர் எடுத்துக்காட்டைக் கொண்டே விளக்கிவிடலாம். ஷின்ஜியாங்கின் தென்மேற்கிலுள்ள காஷ்கர் நகரில் 1442-இல் கட்டப்பட்ட ஈத்கா பள்ளிவாசலின் படத்தைக் காட்டி, பெருநாள் தொழுகை முடிந்ததும் அதன் முன்திடலில் ஆண்கள் ஆடும் 'சமா' ஆட்டத்தைப் பற்றிச் சொல்லலாம்.

இந்த வழியில் எனக்குத் தெரிந்த மிகச் செறிவான பொருள் உய்குர்களின் மஸார்கள். மஸார் என்பது நம் தர்காவைப் போன்று இறைநேசர் அடங்கிய இடம். பாலைவன ஓரத்தில், மணல்மேட்டின் மேல், நீண்ட கழிகளில் கட்டிய கொடிகளும் துணித்துண்டுகளும் காற்றில் அசைந்துகொண்டிருக்க, முன்பெல்லாம் குறிப்பிட்ட நாள்களில் கிராமங்களிலிருந்து திரளும் மக்கள் அங்கே வேண்டுதல் செய்து, கூடிச் சமைத்து, கதைபாடிகளைக் கேட்டுத் திரும்புவார்கள். நாகூர்க் கந்தூரிக்குப் போய்வந்த பிள்ளைக்கு இதில் எதையும் விளக்க வேண்டியதில்லை. பெண்களின் சமயச் சடங்குகளை நடத்தும் 'பூவி' என்னும் பெண் ஓதுவார்களும் உய்குர் கிராமங்களில் உண்டு. இஸ்லாம் என்றால் எல்லா இடத்திலும் ஒரே முகம் என்ற எண்ணத்தை உடைக்க இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

அப்படியிருந்தும் இந்த வழியை நான் முதல் வழியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அதற்கு மூன்று காரணங்கள். சீனாவில் அதிகாரபூர்வமாகப் பத்து முஸ்லிம் இனங்கள் உள்ளன. அவற்றில் ஹுய் மக்களும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள், சீன மொழி பேசுபவர்கள். சமயத்தில் தொடங்கினால் 'சீன முஸ்லிம்கள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இரு மக்களும் கலந்துவிடுகிறார்கள். உய்குர்களின் மொழி பள்ளிகளிலிருந்து படிப்படியாக அகற்றப்பட்டதும், ஷின்ஜியாங் பல்கலைக்கழகம் 2002-இல் பெரும்பாலான பாடங்களைச் சீன மொழிக்கு மாற்றியதும் எங்கே பொருந்தும் என்று தெரியாமல் போகிறது. அடுத்தது, 'முஸ்லிம் உலகம்' என்று ஒன்று திரண்டு நிற்கிறது என்ற எண்ணம். 2022 அக்டோபரில் ஷின்ஜியாங் பற்றி விவாதிக்கலாமா என்று ஐ.நா. மனித உரிமைப் பேரவை வாக்கெடுத்தபோது 17 நாடுகள் ஆதரித்தன, 19 எதிர்த்தன, 11 நடுநிலை வகித்தன. எதிர்த்தவற்றில் இந்தோனேசியாவும் பாகிஸ்தானும் கத்தாரும் ஐக்கிய அரபு அமீரகமும் இருந்தன. இந்தியா நடுநிலை வகித்தது. சமயத்தை மட்டும் சாவியாகக் கொண்டால் இந்தக் கணக்குத் திறக்காது.

மூன்றாவது காரணம் வகுப்பறைக்குள்ளேயே இருக்கிறது. இஸ்லாம் என்று கரும்பலகையில் எழுதியவுடன் நாற்பது பிள்ளைகளும் வகுப்பிலுள்ள இரண்டு முஸ்லிம் மாணவர்களைத் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆசிரியரும் அறியாமலே, "நீ சொல்லேன்" என்று அவர்களைக் கேட்டுவிடுகிறார். நான் ஒருமுறை அப்படிக் கேட்டேன். அந்தப் பையன் தலைகுனிந்து நின்றது இன்றும் நினைவில் இருக்கிறது. கோடிக்கணக்கான மக்களின் சார்பில் பேசும் பொறுப்பை ஒரு சிறுவன் தோளில் வைக்க எந்த ஆசிரியருக்கும் உரிமை இல்லை.

கலையிலிருந்து தொடங்கும் மூன்றாவது வழி இளைய வகுப்புகளுக்கு ஏற்றது, இனிமையானது, ஆனால் தனியாக விடக்கூடாதது. உய்குர்களின் 'பன்னிரு முகாம்' (இங்கே முகாம் என்பது இசைவகையின் பெயர்) நம் பண்களைப் போல் முறைப்படுத்தப்பட்ட பெரும் இசைத் தொகுதி. 2005-இல் யுனெஸ்கோ அதை மானுடத்தின் அரும்பெரும் மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது. பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையும் ஊர்ப் பஞ்சாயத்தும் கலந்த 'மெஷ்ரெப்' கூட்டங்கள், உடனடிப் பாதுகாப்புத் தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் 2010-இல் சேர்க்கப்பட்டன. துத்தார், ரவாப், தப் என்ற கருவிகளின் ஒலியைக் கேட்கச் செய்தால் வகுப்பு உயிர் பெறும். ஆனால் ஆடிப்பாடும் உய்குர் என்பதே சீன அரசின் சுற்றுலா விளம்பரங்களும் காட்டும் படம். அதை மட்டும் காட்டி நிறுத்தினால், அறியாமலே அந்த விளம்பரத்தின் வேலையை நாமும் செய்தவர்களாவோம். துத்தார் கலைஞர் அப்துரேஹிம் ஹெயித் 2017-இல் காவலில் வைக்கப்பட்டார்; 2019 பிப்ரவரியில் அவர் இறந்துவிட்டதாகத் துருக்கி வெளியுறவு அமைச்சகம் அறிவித்தபோது, அவர் உயிருடன் பேசும் காணொளியைச் சீன ஊடகம் வெளியிட்டது. இசையைச் சொல்லும் ஆசிரியர் இந்தக் கலைஞரையும் சொல்ல வேண்டும்.

நிலமும் வரலாறும் நான்காவது வழி. நான் தேர்ந்தெடுப்பது இதையே. தக்லமக்கான் என்னும் பெரும் பாலைவனம் நடுவில். அதன் விளிம்பில் மலைப்பனி உருகி வரும் நீரால் வாழும் காஷ்கர், யார்கண்ட், கோத்தான், குச்சா முதலிய சோலை நகரங்கள். கிழக்கே பள்ளத்தாக்கில் துர்பான், அங்கே மலையடிவாரத்திலிருந்து திராட்சைத் தோட்டங்கள் வரை நிலத்துக்கு அடியில் நீரைக் கொண்டுவரும் 'கரேஸ்' கால்வாய்கள். ஏரியும் கண்மாயும் வெட்டிப் பிழைத்த நாட்டின் பிள்ளைகளுக்கு, வெயிலில் ஆவியாகாமல் நீரைக் காக்கும் இந்தக் கால்வாயின் அறிவு உடனே பிடிபடுகிறது. அந்த மக்களை அவர்கள் முதலில் உழவராக, கைவினைஞராக, வணிகராகச் சந்திக்கிறார்கள்.

தமிழ் மாணவருக்கு இங்கே உண்மையான ஒரு பாலமும் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிபுரத்துக்கு வந்த யுவான் சுவாங்கை அவர்கள் வரலாற்றுப் புத்தகத்தில் படித்திருக்கிறார்கள். அவர் சீனாவிலிருந்து புறப்பட்டு வந்தபோது துர்பான் அரசனின் விருந்தினராகத் தங்கி, குச்சா வழியாக நடந்தார். திரும்பும்போது காஷ்கரையும் கோத்தானையும் கடந்தார். அந்தச் சோலை நகரங்கள் அப்போது பௌத்த விகாரைகளால் நிறைந்திருந்தன. தெரிந்த பயணியின் கையைப் பிடித்துக்கொண்டு தெரியாத நிலத்துக்குள் போவது பிள்ளைகளுக்கு எளிது.

ஆனால் இங்கே ஆசிரியர் மிகக் கவனமாக நடக்க வேண்டிய இடம் வருகிறது. யுவான் சுவாங் கண்ட மக்கள் உய்குர்கள் அல்லர். உய்குர் பேரரசு 744-இல் இன்றைய மங்கோலியாவில் எழுந்தது. அதன் அரசன், மானி என்னும் பாரசீகர் நிறுவிய மானி சமயத்தை ஏற்றான். 840-இல் கிர்கிஸ்கள் அதைத் தகர்த்த பின், உய்குர்களில் ஒரு பகுதியினர் துர்பானுக்கு வந்து அரசமைத்துப் பௌத்தர்களாக வாழ்ந்தார்கள். அதே காலத்தில் காஷ்கரை ஆண்ட கராகானியர் என்ற வேறொரு துருக்கிய மரபினரில், சதுக் புக்ரா கான் பத்தாம் நூற்றாண்டில் இஸ்லாத்தைத் தழுவினான். அங்கிருந்து கிழக்கே மெல்லப் பரவிய இஸ்லாம் துர்பானை முழுமையாக அடையப் பதினைந்தாம் நூற்றாண்டு ஆயிற்று. இன்றைய உய்குர்கள் இந்த எல்லா மரபுகளும் கலந்து உருவானவர்கள்.

'தொன்றுதொட்டு இந்நிலம் சீனாவின் பகுதி' என்பது அரசின் கூற்று. 'ஆதிமுதல் இங்கே உய்குர்களே இருந்தார்கள்' என்பது உய்குர் தேசியவாதிகள் சிலரின் கூற்று. மேலே சொன்ன வரலாறு இரண்டுக்கும் முழுமையாக இசையவில்லை. அன்று சீனாவை ஆண்ட சிங் பேரரசு இந்நிலத்தை வென்றது 1759-இல். 'புதிய எல்லை' என்று பொருள்படும் ஷின்ஜியாங் என்ற பெயரில் அது மாகாணமானது 1884-இல். 1933-இல் காஷ்கரிலும் 1944-இல் குல்ஜாவிலும் கிழக்குத் துருக்கிஸ்தான் என்ற பெயரில் இரு குடியரசுகள் தோன்றிச் சில காலமே நின்றன. 1949-இல் சீன மக்கள் குடியரசின் ஆட்சி வந்தது. 1955-இல் உய்குர் தன்னாட்சிப் பகுதி அறிவிக்கப்பட்டது. ஷின்ஜியாங் என்றும் கிழக்குத் துருக்கிஸ்தான் என்றும் இரண்டு பெயர்கள் ஏன் வழங்குகின்றன, யார் எதைச் சொல்கிறார்கள் என்பதை வகுப்பில் ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை.

இன்னொரு கண்ணியும் இவ்வழியில் கிடக்கிறது. உய்குர்கள் முன்பு பௌத்தர்களாக இருந்தார்கள் என்று நாம் சொல்வதையே, 2019-இல் சீன அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்துகிறது: இஸ்லாம் அவர்களின் சொந்தச் சமயமன்று, போரினாலும் ஆளும் வர்க்கத்தாலும் திணிக்கப்பட்டது என்கிறது. மாணவர் இந்த முடிவுக்குத் தாமாகவே வந்துவிடக் கூடும். அப்போது நான் சொல்வது இதுதான்: தமிழ்நாட்டில் சமணமும் பௌத்தமும் ஓங்கியிருந்த நூற்றாண்டுகள் உண்டு, அதை அறிவதால் இன்று கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் போகும் தமிழரின் வழிபாடு பொய்யாகிவிடாது. ஆயிரம் ஆண்டுகளாகத் தாலாட்டிலும் திருமணத்திலும் இறுதிச் சடங்கிலும் கலந்துவிட்ட ஒன்றை வெளியார் சட்டை என்று கழற்றச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஐந்து பாடவேளை கிடைக்காமல் ஒன்றே ஒன்று கிடைத்தால் என்ன செய்வது? நிலவரலாற்று வழி அதற்குள் அடங்காது. அப்போது நான் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்வேன். ராஹிலே தாவுத் 1966-இல் உரும்கியில் பிறந்தவர். உய்குர்ப் பெண்களில் முனைவர் பட்டம் பெற்ற முதல் சிலரில் ஒருவர். ஷின்ஜியாங் பல்கலைக்கழகப் பேராசிரியர். மேலே சொன்ன மஸார்களை ஊர் ஊராகத் தேடிப்போய், கதைகளையும் பாடல்களையும் சடங்குகளையும் பதிவு செய்தவர். அவருடைய ஆய்வுக்கு அரசே நிதி அளித்தது. 2017 டிசம்பரில் அவர் காணாமல் போனார். நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு விளைவித்ததாக அவருக்கு ஆயுள் தண்டனை உறுதியானது என்ற செய்தி 2023-இல் வெளியே தெரிந்தது. அவர் பாதையில் நிலம், சமயம், கலை, செய்தி நான்கும் வந்துவிடுகின்றன. அவர் என்ன வேலை செய்தார் என்பதை முப்பது நிமிடமும், அவருக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கடைசிப் பத்து நிமிடமும் சொன்னால், 'என்ன தப்பு செய்தார்' என்ற கேள்வி வந்தாலும் அது வேறு குரலில் வருகிறது.

ஐந்து வேளையும் கிடைத்தால், முதலிரண்டு நிலத்துக்கும் வரலாற்றுக்கும், மூன்றாவது மஸாரும் மெஷ்ரெப்பும் பெருநாளும் சேர்ந்த வாழ்வுக்கும், நான்காவது ராஹிலே தாவுத்துக்கும் கரகாஷ் பட்டியலுக்கும் போகட்டும். ஐந்தாவதை வாக்குவாதத்துக்கு விட்டுவிட வேண்டும். இனப்படுகொலை என்ற சொல்லை அமெரிக்க அரசு 2021 ஜனவரியில் பயன்படுத்தியது, ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்ட் 31 அன்று வெளியிட்ட அறிக்கையோ 'மானுடத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கலாம்' என்ற சொல்லோடு நின்றது. இரண்டு சொற்களுக்கும் சட்டத்தில் என்ன வேறுபாடு, ஏன் ஒருவர் ஒன்றைச் சொல்லி மற்றவர் தயங்குகிறார் என்பதை மாணவரே ஆராயட்டும். இங்கே ஆசிரியர் தம் கருத்தைச் சொல்லலாம், கேட்டால் மட்டும்.

ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு முகாம்களைப் பற்றிப் பேச வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்த வயதுக்கு வேறு செல்வங்கள் இருக்கின்றன. உய்குர்கள் அரபு எழுத்தைத் தம் மொழிக்கேற்ப மாற்றி, உயிரொலிகள் எட்டையும் விடாமல் எழுதுகிறார்கள். நம் முன்னோரில் ஒரு பகுதியினர் தமிழ் ஒலிகளுக்காகப் புது எழுத்துகளைச் சேர்த்து அரபுத்தமிழ் எழுதினார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். தணூரில் சுடும் நானை அவர்கள் எவ்வளவு மதிக்கிறார்கள் என்பதையும், திருமணத்தில் உப்புநீரில் தோய்த்த நானை மணமக்கள் பகிர்ந்து உண்பதையும் சொல்லலாம். எல்லாவற்றையும்விட நம் பிள்ளைகளுக்குப் பிடித்தது பெயர்தான். உய்குர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தம் பெயரோடு தகப்பன் பெயரைச் சேர்த்துக்கொள்கிறார்கள், நாம் தலைப்பெழுத்துப் போடுவதைப் போல. பிள்ளைகள் தத்தம் பெயரையும் அப்பா பெயரையும் உய்குர் முறையில் எழுதி, ஒருவரையொருவர் 'யாக்ஷிமுசிஸ்' என்று நலம் கேட்டுச் சிரிக்கிறார்கள். மூன்று ஆண்டு கழித்து அதே பிள்ளைகள் முன்னால் கரகாஷ் பட்டியலை வைக்கும்போது, அதில் வரிசையாக இருப்பவற்றை எண்களாகப் பார்க்காமல், இன்னாருடைய மகள், இன்னாருடைய மகன் என்று வாசிக்க அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.